கோபத்துக்கும் வன்முறைக்கும் நடுவே: பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை

(அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மண்டபத்தில் பெற்றோர்களுக்காக நடந்த சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். அதிலும் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் இந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். "அண்ணே, என் மவன் போக்கே சரியில்ல. ராத்திரி முழுக்க கைப்பேசியிலேயே இருக்கான். 'ரத்தத்துக்கு ரத்தம்'னு ஏதேதோ போடுறான். போலீசுக்குப் போனா அவன் வாழ்க்கை போயிடும். போகாம இருந்து ஏதாவது நடந்துட்டா? நான் என்ன செய்யறது?" என்று கேட்டார்.

அவருக்கு அன்றே என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து படித்ததையும் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். தீவிரவாத வன்முறை என்றால் அது எங்கோ அரபு நாட்டு விவகாரம், நமக்கு ஏன் என்று நினைக்காதீர்கள். 2016 ஜூன் 28ஆம் தேதி பூச்சோங்கில் ஓர் உணவு விடுதியின் மீது கையெறி குண்டு வீசப்பட்டு 8 பேர் காயமடைந்தனர். 2024 மே மாதம் ஜோகூர் உலு திராமில் காவல் நிலையம் தாக்கப்பட்டு இரண்டு காவலர்கள் உயிரிழந்தனர். இரண்டுமே நாம் வேலைக்குப் போய்வரும் ஊர்கள்தான்.

இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகள் இரண்டு. உண்மையான ஆபத்தைப் பார்க்காமல் விடுவது ஒன்று. ஆபத்தே இல்லாதவனைப் பிடித்து ஆபத்தானவன் என்று முத்திரை குத்துவது மற்றொன்று. இரண்டும் ஒரே ஊரில், ஒரே சம்பவத்தில் நடந்திருக்கின்றன. அந்த ஊர் இலங்கையின் மட்டக்களப்பு.

2018 நவம்பர் 30ஆம் தேதி மட்டக்களப்புக்கு அருகில் உள்ள வவுணதீவில், காவல் சாவடியில் இருந்த இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டனர். உடனே சந்தேகம் யார் மேல் விழுந்தது? முன்னாள் விடுதலைப் புலிகள் மேல். முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டு உள்ளே வைக்கப்பட்டார். 'வழக்கமான ஆள் கிடைத்துவிட்டான்' என்ற நினைப்பில் விசாரணை அந்தத் திசையிலேயே போனது.

உண்மையில் அதைச் செய்தது காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிமின் கும்பல். இந்த சஹ்ரான் மறைந்து வாழ்ந்த மர்ம மனிதன் அல்ல. தமிழிலேயே மேடை போட்டுப் பேசியவன். மற்றவர்களை வெறுக்கச் சொல்லும் அவனுடைய பேச்சுகள் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 2017 மார்ச் மாதமே காத்தான்குடியில் சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு அவனுடைய ஆட்கள் மோதினார்கள். அதன் பிறகு அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி முதலில் புகார் கொடுத்தவர்கள் யார்? அவனுடைய சொந்த ஊர் முஸ்லிம்கள்தான். இதை நாம் மறக்கவே கூடாது. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் பெருமளவு வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 4ஆம் தேதி இந்திய உளவுத் துறையிடமிருந்து எச்சரிக்கையும் வந்தது.

இத்தனை இருந்தும் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய விடுதிகள் ஆகிய இடங்களில் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த தமிழ்க் குழந்தைகள். வவுணதீவுக் கொலைக்காகப் பிடிக்கப்பட்ட அந்த முன்னாள் போராளி அதன் பிறகு, மே மாதம்தான் விடுதலையானார். ஐந்து மாதங்களுக்கு மேல் ஒரு நிரபராதி உள்ளே இருந்தார். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடக்கும் வரை கொலைகாரர்கள் வெளியே இருந்தார்கள்.

எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் போன குழந்தைகள் போனதுதான்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? ஒருவன் யார், எந்த இனம், எந்தப் பழைய இயக்கம் என்று பார்த்து ஆபத்தை எடை போட்டார்கள், தோற்றார்கள். ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2019 அக்டோபர் 10 முதல் 12 வரை, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 தமிழர்கள் சொஸ்மா சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். விடுதலைப் புலிகளை ஆதரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த இயக்கம் 2009 மே மாதமே போரில் தோற்கடிக்கப்பட்டு, பத்தாண்டுகள் கடந்துவிட்டிருந்தன. கைப்பேசியிலும் ஃபேஸ்புக்கிலும் இருந்த படங்கள் ஆதாரமாகக் காட்டப்பட்டன. அந்த ஆண்டுத் தீபாவளியை அவர்கள் லாக்கப்பில் கழித்தார்கள். அவர்களுடைய வீடுகளில் விளக்கு எரிந்திருக்குமா? 2020 பிப்ரவரி 21ஆம் தேதி, அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்குகளையும் கைவிட்டார். குற்றத்தை நிரூபிக்கும் வாய்ப்பு இல்லை என்றார்.

இது இரண்டாவது வகைத் தவறு. படம் வைத்திருப்பதும் ஒரு வரலாற்றை நினைத்து அழுவதும் வன்முறைத் திட்டம் ஆகிவிடாது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். விளக்கத்துக்காக நானே போடும் கணக்கு இது. ஓர் ஊரில் 1,000 இளைஞர்கள் கோபமாகப் பேசுகிறார்கள். அவர்களில் ஒரே ஒருவன்தான் உண்மையில் தாக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கோபமாகப் பேசிய எல்லோரையும் பிடித்தால் 999 வீடுகளுக்கு அநியாயம். அந்த 999 வீடுகளும் அதன் பிறகு காவல் துறையிடம் வாய் திறக்குமா? வாய் திறக்காவிட்டால் அந்த ஒருவனைப் பற்றி யார் சொல்வது? ஆக, இரண்டாவது தவறு முதல் தவறையும் வளர்க்கிறது. நம் உரிமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எல்லோருடைய பாதுகாப்புக்காகவும்தான் சொல்கிறோம்.

சரி, அந்த ஒருவனை எப்படி அடையாளம் காண்பது? இதையே தொழிலாகச் செய்யும் வல்லுநர்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள். 'தீவிரவாதி இப்படித்தான் இருப்பான்' என்று ஒரு முகம் கிடையாது. சிங்கப்பூரில் 2020 டிசம்பரில் 16 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டான். இந்திய வம்சாவளி, கிறிஸ்தவன். 2019 மார்ச் 15ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 முஸ்லிம்களைக் கொன்ற வெள்ளை இனவெறியனை அவன் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டான். அதே தேதியில், 2021 மார்ச் 15 அன்று, தன் வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டு பள்ளிவாசல்களைப் பாராங்கத்தியால் தாக்கத் திட்டமிட்டிருந்தான். அவனுடைய வீட்டாருக்கு இந்தத் திட்டம் தெரியாது என்று அதிகாரிகளே சொன்னார்கள். நம் நிறத்தில் இருக்கும் ஒரு பையன், நம்மையே மனிதனாக மதிக்காத வெள்ளை இனவெறியில் மயங்கினான்! யார் நினைத்திருப்போம்?

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் 81 விழுக்காட்டுச் சம்பவங்களில், தாக்கியவனின் எண்ணமோ திட்டமோ குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்தவர்கள் பெரும்பாலும் கூட்டாளிகள், வகுப்புத் தோழர்கள், தம்பி தங்கைகள். 'சும்மா பேசுகிறான்' என்று விட்டுவிட்டார்கள். அது பள்ளித் தாக்குதல் பற்றிய ஆய்வுதான். ஆனால் பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே, உங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

இப்போது வீட்டில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகளைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: கோபம் யார் மேல்? 'அந்த மேலாளர் எனக்கு அநியாயம் செய்தார்', 'இந்தச் சட்டம் நம்மை ஒதுக்குகிறது' என்று பேசினால் அது நியாயமான கோபம். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நம் சமுதாயத்துக்கு எந்த உரிமையும் கிடைத்திருக்காது. 'அந்த இனமே கூடாது, அவர்கள் மனிதர்களே இல்லை' என்று பேச்சு மாறினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: வேறு வழி இருக்கிறது என்று இன்னும் நம்புகிறானா? மனு, வழக்கு, பேரணி, ஓட்டு, இவற்றைப் பற்றிச் சண்டை போட்டுப் பேசுகிறவன் இன்னும் நம்மோடு இருக்கிறான். 'இனிப் பேசிப் பயனில்லை, அடித்தால்தான் புரியும்' என்று முடிவு கட்டிவிட்டவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அவன் வாழ்க்கை சுருங்குகிறதா? பந்து விளையாடப் போனவன் போகவில்லை. பழைய கூட்டாளிகள் வருவதில்லை. வேலை போய்விட்டது. வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

நான்காவது கேள்வி: புதிதாக யார் பக்கத்தில் வந்திருக்கிறார்கள்? குண்டர் கும்பல்கள் நம் பையன்களை எப்படி இழுக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். முதலில் மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பான். 'தம்பி' என்பான். உன்னை யாரும் மதிக்கவில்லை, நான் மதிக்கிறேன் என்பான். தீவிரவாதத்துக்கு ஆள் பிடிப்பவனும் இதே வழியில்தான் வருகிறான். ரொட்டிக்குப் பதில் காணொளி. 'உங்கள் வீட்டில் சொல்லாதே' என்று எவன் சொல்கிறானோ, அவனைப் பற்றித்தான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்வி: பேச்சு செயலாகிறதா? குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட ஆள் பற்றிப் பேசுகிறானா? கத்தி, பட்டாசு மருந்து, பெட்ரோல் என்று சேர்க்கிறானா? ஓர் இடத்தைப் போய்ப் போய் நோட்டம் பார்க்கிறானா? தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, விடைபெறுவதுபோல் எழுதுகிறானா?

முதல் நான்கும் பேச வேண்டிய அறிகுறிகள். அவற்றுக்கு நேரம் இருக்கிறது. ஐந்தாவது வந்துவிட்டால் நேரம் இல்லை. அன்றே செயல்பட வேண்டும்.

எதையெல்லாம் அறிகுறி என்று நினைக்கக் கூடாது? விபூதி பூசுவது, தாடி வளர்ப்பது, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அடிக்கடி போவது, மதம் மாறுவது, பேரணிக்குப் போவது, ஈழத்தைப் பற்றிப் பேசுவது. இவை எதுவும் வன்முறையின் அடையாளம் அல்ல. நம் பிள்ளைகளை இப்படி எடை போட்டால் நமக்கு வலிக்கிறது அல்லவா? பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைக்கும் அதே நியாயம்தான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2018 நவம்பர் 26ஆம் தேதி அதிகாலை, சுபாங் ஜெயா சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலுக்குள் ஆட்கள் புகுந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. 'மலாய்க்காரர்கள் கோயிலை உடைக்க வந்துவிட்டார்கள், உடனே வாருங்கள்' என்று ஒரு குரல் பதிவு. நான் எதையும் விசாரிக்கவில்லை. ஒன்பது குழுக்களுக்கு அனுப்பினேன். அன்று மாலை என் அக்கா மகன் அதைக் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். என் அக்கா சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவனோடு மூன்று மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

அது நிலத் தகராறு, இனச் சண்டை அல்ல என்று அப்போதைய உள்துறை அமைச்சர் முஹிடின் யாசின் அறிவித்தார். ஆனால் அன்றிரவு மீண்டும் கலவரம் மூண்டது, கார்கள் எரிந்தன. தீயணைக்க வந்த முகமட் அடிப் என்ற இளம் தீயணைப்பு வீரர் படுகாயமடைந்து, டிசம்பர் 17ஆம் தேதி இறந்தார். அடையாளம் தெரியாதவர்களின் குற்றச் செயலால் ஏற்பட்ட மரணம் என்று 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம் கூறியது. அந்த இளைஞருக்கும் ஒரு தாய் இருந்தார். என் அக்கா சாவியைப் பிடுங்காமல் இருந்திருந்தால், அந்தக் கூட்டத்தில் என் அக்கா மகனும் நின்றிருப்பான். அதற்கு முழுக் காரணமும் நான்தான்.

2001 மார்ச் மாதம் கம்போங் மேடானில் என்ன நடந்தது என்று இங்கு பலருக்கும் நினைவிருக்கும். அக்கம்பக்கத்துச் சின்னத் தகராறு, வதந்தியாக வளர்ந்து, ஆறு உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், உழைக்கும் மக்கள். விசாரணை ஆணையம் வேண்டும் என்று கேட்டோம், அமைக்கவில்லை. அன்று வாட்ஸ்அப் கிடையாது. இன்று இருக்கிறது. ஆகவே ஒரு பதிவு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் பேசுவது? எப்போது எடுத்தது? நேரில் பார்த்தவர் யாராவது இருக்கிறாரா? பதில் இல்லை என்றால் அனுப்பாதீர்கள்.

இனி, வீட்டில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

கைப்பேசியைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அடிக்காதீர்கள். உடைத்தால் அவன் வேறு கைப்பேசி வாங்குவான், உங்களிடம் பேசுவதைத்தான் நிறுத்துவான். சாப்பிடும்போது, அல்லது வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது கேளுங்கள். 'ஏன்டா இப்படிப் போட்ட?' என்று அதட்டாமல், 'உனக்கு என்னய்யா நடந்துச்சு?' என்று கேளுங்கள். அவன் மதிக்கும் ஒருவரை, மாமாவையோ பழைய ஆசிரியரையோ பந்துப் பயிற்சியாளரையோ அழைத்து வாருங்கள். மனநிலை சரியில்லை என்று தோன்றினால் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதில் வெட்கம் இல்லை.

ஐந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் தயங்காதீர்கள். இன்றே நடக்கப்போகிறது என்றால் 999க்கு அழையுங்கள். வழக்கறிஞருக்காகக் காத்திருக்க வேண்டாம், உயிர்தான் முக்கியம். ஒரு நாள் அவகாசம் இருந்தால் வழக்கறிஞரோடு சேர்ந்து காவல் நிலையம் போங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம். என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எந்தத் தேதி என்று எழுதி எடுத்துப் போங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்; ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

2012இல் ஐ.எஸ்.ஏ. சட்டத்துக்குப் பதிலாக வந்த சொஸ்மா சட்டத்தின்படி காவல் துறை ஒருவரை 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்திலேயே கைதானவரின் குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடவும் முடியாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நம் இயக்கம் அரசாங்கத்திடம் கேட்பதும் இதுதான். தாய் ஒருத்தி பயமில்லாமல் வந்து 'என் பிள்ளையைத் தடுக்க உதவுங்கள்' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். அங்கே தமிழ் பேசுபவர் இருக்க வேண்டும். பிடித்து அடைப்பதற்கு முன் பேசி மீட்க முயல வேண்டும். படத்துக்காகவும் பேச்சுக்காகவும் ஏழைகளை உள்ளே தள்ளும் நடைமுறை ஒழிய வேண்டும்.

அந்த அக்காவின் மகன் கதைக்கு வருகிறேன். நான் போய் அவனோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன். முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னான். வேலை செய்த இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவனை இனத்தைச் சொல்லித் திட்டி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றரை மாதச் சம்பளமும் தரவில்லை. அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போய்க் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கிறான். அங்கேதான் அந்தக் காணொளிகள். அவனிடம் கத்தி இல்லை, திட்டம் இல்லை. ஒரு பெரிய காயம் மட்டும் இருந்தது. தொழிலாளர் இலாகாவில் புகார் எழுதிக் கொடுத்தோம். இப்போது ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளப் புகார் இன்னும் முடியவில்லை. மனிதனின் மனசு ஒரு முறை பார்த்து 'பாஸ்' போடும் பரீட்சை அல்ல. அந்த அக்கா ராத்திரி எத்தனை மணியானாலும் அவனுக்குச் சோறு போட்டு எதிரில் உட்காருகிறார். வாரம் ஒரு முறை நானும் போய்ப் பார்க்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் பிள்ளைக்கு எதிரில் உட்காருங்கள். சோறு போட்டுவிட்டு, அவன் நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.